மகளுக்கு வைத்த வீடு: வெருகல் பக்கத்துக் கிராமமொன்றில் ஓர் ஆசிரியை வாடகைக்கு இருந்த ஒன்பது மாதங்கள்

இதில் வரும் யாருடைய பெயரையும் எழுதவில்லை. கிராமத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். இரண்டு குடும்பத்தாரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். நான் அந்தப் பாடசாலையில் படிப்பிப்பவன், அடுத்த ஊரைச் சேர்ந்தவன். புதிதாக வரும் ஆசிரியைக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் பொறுப்பை அதிபர் என்னிடம்தான் தந்தார். ஆகவே இங்கே நடந்த பிழைகளில் என்னுடையவையும் இருக்கின்றன. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

2023 ஆனி மாதத்தில் திருகோணமலை நகரத்தில் இருந்து விஞ்ஞான ஆசிரியை ஒருவருக்கு எங்கள் பாடசாலைக்கு இடமாற்றம் வந்தது. வயது 33. கணவர் கட்டாரில் வேலை. ஆறு வயது மகனும் தாயாரும் கூட இருந்தார்கள். முதலில் நகரத்தில் இருந்தே வந்து போனார். விடிய நாலரைக்கு எழும்பி, கிண்ணியா, மூதூர் தாண்டி ஏ15 வீதியால் வந்து, பிறகு பிரதான வீதியில் இருந்து ஓட்டோவில் உள்ளே வர வேண்டும். பழைய காலத்தை நினைத்தால் இது சுகமான பயணம்தான். கிண்ணியாவிலும் உப்பாற்றிலும் மகாவலி கங்கையிலும் இறால்குழியிலும் வெருகலிலும் துறைக்குத் துறை பாதைப் படகுக்குக் காத்து நின்ற காலம் ஒன்று இருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், மற்றத் துறைகளிலும் பிறகு பாலம் வந்துவிட்டது. ஆனாலும் போக இரண்டு, வர இரண்டு என்று நாளுக்கு நாலு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்துவிட்டு வகுப்பில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நீடிக்காது என்று. அவருக்கு முன் வந்த இரண்டு விஞ்ஞான ஆசிரியர்களும் இந்தப் பயணத்தாலேயே மாற்றம் எடுத்துப் போனார்கள். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்துக்கு ஆளில்லாமல் இருந்த மாதங்கள் பல. வீடு ஒன்று கிடைக்குமா என்ற கேள்வி அவருடைய வசதியைப் பற்றியது மட்டும் அல்ல என்பதால்தான் இதை இவ்வளவு விபரமாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் "வாடகைக்கு விடப்படும்" என்று எழுதித் தொங்கும் பலகையைக் காண முடியாது. அதற்குக் காரணம் உண்டு. 2006இல் யுத்தத்தால் இந்தச் சனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாகரைப் பக்கமும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனது. 2007இல் இருந்து சிறுகச் சிறுகத் திரும்பி வந்தது. இப்போது நிற்கும் கல்வீடுகளில் அநேகமானவை அதற்குப் பிறகு உதவித் திட்டங்களில் கட்டியவை. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தது 550,000 ரூபாய், அதுவும் தவணை தவணையாக. மிகுதிக்கு நகை அடகு வைத்தார்கள், மாடு விற்றார்கள். அப்படிக் கட்டிய வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது என்றால் அது மிச்சமாக இருக்கும் வீடு என்று எண்ணக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவருக்கோ, கலியாணம் ஆகாத மகளுக்கோ வைத்திருப்பார்கள். கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் வழமை. பூட்டின வீட்டுக்கு ஊரே ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லும்.

தேடிய விதமும் பார்த்த வீடுகளும்

தொடங்கிய நேரமே பிழை. ஆடியில் வீடு மாற மாட்டேன் என்று ஆசிரியையின் தாயார் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆவணி பிறந்து நாங்கள் இறங்கிய நேரம் வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழா வந்துவிட்டது. திருவிழாவுக்கு எங்கெங்கோ இருந்து சொந்தக்காரர் வந்து தங்குவார்கள். காலியான வீடு, காலியான அறை எல்லாம் நிறைந்துவிடும். வீட்டுக்காரரைப் பிடித்து இருத்திக் கதைக்கவும் முடியாது. இரண்டு கிழமை வீணாகப் போனது.

முதலில் பார்த்தது பிரதான வீதியோரத்தில், மூடிக் கிடந்த கடை ஒன்றின் பின்னால் இரண்டு அறை. இரவில் கடை வாசலில் ஆட்கள் கூடுவார்கள். கணவர் பக்கத்தில் இல்லாத பெண்ணும் சின்னப் பிள்ளையும் இருக்கத் தோதான இடம் இல்லை என்று பார்த்த உடனே விட்டுவிட்டோம்.

இரண்டாவது நல்ல வீடு. ஓடு போட்டது, சுற்றி மதில். உரிமையாளர் குடும்பத்தோடு வெளிநாட்டில். திறப்பு அவருடைய தாயாரிடம். அந்த அம்மா சந்தோசமாகத் திறந்து காட்டினார். "வீடு இருண்டு கிடக்குது பிள்ளை, ஆராவது விளக்கு வைச்சா நல்லம்தானே" என்றார். வாடகையும் பேசி முடித்தோம். மூன்றாம் நாள் ஆசிரியை சாமான் கட்டத் தொடங்கிய நேரம், தர முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். வெளிநாட்டில் இருக்கும் மருமகளுக்கு விருப்பம் இல்லையாம். வீடு அந்த மருமகளின் சீதனம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. திறப்பு வைத்திருந்தவர் காவல் இருந்தார், அவ்வளவுதான். கொடுக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. அந்த அம்மாவில் குற்றம் இல்லை. வீடு யாருடையது என்று கேட்க வேண்டியவன் நான். ஒரே பக்கத்து ஊர் என்ற நம்பிக்கையில் கேட்காமல் விட்டேன்.

மூன்றாவது வீட்டை ஆசிரியையின் வகுப்புப் பிள்ளை ஒன்றுதான் சொன்னது: "ரீச்சர், எங்கட பெரியப்பாட வளவில ஒரு வீடு இருக்கு." ஒரு வளவுக்குள் இரண்டு வீடு. முன்னுக்குப் பழைய வீட்டில் தகப்பனும் தாயும். பின்னுக்கு, வேம்புக்கு அந்தப் பக்கம், புது வீடு. இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி, வெளியில் மலசலகூடம். மூத்த மகள் முடித்து வேறு வளவில் இருக்கிறார். புது வீடு இளைய மகளுக்கு. அவர் நகரத்தில் ஒரு கடையில் கணக்கு வேலை செய்துகொண்டு விடுதியில் தங்கியிருந்தார். வயது 24.

வளவின் கிணறு எங்களை இழுத்த பெரிய காரணம். கடலும் களப்பும் கிட்ட இருப்பதால் எங்கள் ஊர்களில் பத்துக் கிணறு வெட்டினால் ஏழு எட்டு சவர்த் தண்ணீர். இந்தக் கிணறு நல்ல தண்ணீர். அயலட்டையும் இங்கேதான் குடத்தோடு வரும். ஆசிரியையின் தாயார் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். அதோடு எங்கள் கண் மற்றதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

ஏனென்றால் பார்க்க வேண்டிய ஒன்று அங்கே இருந்தது. மண்டபச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கீழே பூச்சு வேறு நிறம். மேலே மங்கின நீலம், கீழே கொஞ்சம் புதுசான வெள்ளை. அந்த வெள்ளையிலும் மூலைகளில் உப்புப் பூத்து, விரலால் தொட்டால் மா மாதிரி உதிர்ந்தது. ஆசிரியை அதைத் தொட்டுப் பார்த்து என்னிடம் கேட்டார். சவர்த் தண்ணீரில் குழைத்த சாந்தாக இருக்கும் என்று நான் சொன்னேன். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வளவில் யார் சவர்த் தண்ணீரில் சாந்து குழைப்பார்கள் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை.

பால் காய்ச்சும் பிரச்சினை

வீட்டுக்காரர் உடனே சம்மதித்தார். மனைவிதான் தயங்கினார். இரண்டு தரம் போய்க் கதைத்தும், "பார்ப்பம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. காசு காணாதோ என்று நினைத்து வாடகையைக் கூட்டிச் சொல்லப் போனேன். ஆசிரியை என்னைத் தடுத்துவிட்டு, மூன்றாம் தரம் தாயாரை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் கிணற்றடியில் இருந்து கதைத்த பிறகுதான் விசயம் வெளியில் வந்தது.

"மகள், வீடு தாறதில ஒண்டுமில்ல. அது சின்னவள்ட வீடு. அவள் இன்னும் பால் காய்ச்சல்ல. நீங்க வந்து முதல் பால் காய்ச்சினா, பிறகு அவள் வாறது எப்படி?"

குடிபூரல் ஆகாத வீடு அது. மகள் மாப்பிள்ளையோடு வந்து பால் காய்ச்ச வேண்டும் என்று தாய் மனதில் வைத்திருந்தார். அதை எப்படி மதிப்பது என்று எனக்கு வழி தெரியவில்லை. வழி சொன்னவர் ஆசிரியையின் தாயார். மகளே லீவில் வந்து, தன் வீட்டில் தானே முதலில் பால் காய்ச்சட்டும், அவர் ஏற்றிய விளக்கில் இருந்து நாங்கள் திரி பற்றவைத்துக்கொண்டு உள்ளே வருகிறோம், எங்களுக்கென்று தனியாகப் பால் காய்ச்ச மாட்டோம் என்றார். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையோடு திரும்பவும் செய்யலாம், அதற்கு ஒன்றும் தடை இல்லை என்பதையும் சொன்னார். வீட்டுக்கார அம்மாவின் முகம் அந்த இடத்திலேயே மாறியது. வருகிற வெள்ளிக்கிழமை மகளைக் கூப்பிடுகிறேன் என்று நாளும் குறித்தார்.

இதை விரித்து எழுதக் காரணம், பிறகு வந்த எல்லாச் சிக்கலையும் தாங்கிப் பிடித்தது இந்த வெள்ளிக்கிழமைதான். வாடகை பேசி அந்த உறவு வந்திருக்காது.

எழுத்தும் முற்பணமும்

வாடகை மாதம் 7,500 ரூபாய் என்று முடிவானது. ஒரு வருசத்துக்கு உடன்படிக்கை எழுதிக் கையெழுத்து வைப்போம் என்று ஆசிரியை கேட்டார். நகரத்தில் அப்படித்தான் செய்திருந்தார். கிராம உத்தியோகத்தரிடம் போனோம். அவர் இரண்டு விசயம் சொன்னார். முதலாவது, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும். நாங்களாக முத்திரை ஒட்டி எழுதும் கடதாசி ஒரு வருசக் குத்தகையாகச் செல்லாது. இரண்டாவது, இந்த வளவுக்கு இருப்பது உறுதிப் பத்திரம் அல்ல, பேமிற். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அதைக் குத்தகை எழுத முதலில் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதினால், நாளைக்கு மகளைப் பின்னுரித்தாளியாக, அதாவது காணி அடுத்துப் போய்ச் சேரும் ஆளாக, பதியும் நேரம் கேள்வி வரலாம்.

இரண்டாவது காரணத்தைக் கேட்டதும் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். அவர் பயந்தது சரி. ஆகவே குத்தகை எழுதவில்லை. மாதத்துக்கு மாதம் இருப்பது, ஒவ்வொரு மாதமும் கொப்பியில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைப்பது, யார் விலகினாலும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்வது என்று ஒற்றைத் தாளில் எழுதிக்கொண்டோம். ஆசிரியையின் குடும்பத்தை வதிவிடப் பதிவில் சேர்க்கக் கிராம உத்தியோகத்தரிடமே கொடுத்தோம். மறைத்துச் செய்யவில்லை.

முற்பணம் வீட்டுக்காரர் கேட்கவே இல்லை. ஆசிரியையாக ஆறு மாதத்துக்கு 45,000 கொடுத்தார். வீட்டை வேறு யாருக்கும் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம், இரண்டாவது வீட்டில் பட்ட அனுபவம். அந்தக் காசு அடுத்த கிழமையே சீமெந்தும் சீற்றுமாக மாறியது. குசினிப் பக்கத்துத் தாழ்வாரத்தை வீட்டுக்காரர் நீட்டினார், நல்ல மனதோடு, ஆசிரியையின் தாயாருக்கு மழையில் விறகு நனையாமல் இருக்கட்டும் என்று. செப்டெம்பரில் குடிவந்தார்கள். பெப்ரவரி வரைக்கும் வாடகை கட்டி முடிந்தது என்று கொப்பியில் எழுதினோம்.

வெளிச்சத்துக்கு வந்த பில்

இரண்டு வீட்டுக்கும் ஒரே மீற்றர். முன் வீட்டில் இருந்து வயர் இழுத்துப் பின் வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒக்டோபர் பில் வந்ததும் வீட்டுக்காரர் கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். பில் வழமையை விடப் பல மடங்கு. பாதிப் பாதி கட்டுவோம் என்றார் ஆசிரியை. அப்படிக் கட்டினாலும் வீட்டுக்காரருக்குப் பழைய பில்லை விடக் கூட வந்தது. ரீச்சர் கூடக் கரண்ட் எடுக்கிறா என்று அவர் நினைத்தார். தான் எடுத்தது ஒரு ஃபேனும் சின்னக் குளிர்சாதனப் பெட்டியும்தானே என்று ஆசிரியைக்கு மனவருத்தம்.

இரண்டு பேரிலும் பிழை இல்லை. வீட்டு மின்சாரக் கட்டணம் அலகு ஏற ஏற விலையும் ஏறும் முறையில் வருவது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலை. 60ஐத் தாண்டினால் முதல் அலகில் இருந்தே கணக்கு மாறும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் கூட்டியதோடு அந்த வித்தியாசம் நன்றாகவே உறைத்தது. முன் வீடு 45 அலகு எடுத்த வீடு. பின் வீடும் ஐம்பதை ஒட்டி எடுத்தது. தனித் தனி மீற்றர் என்றால் இரண்டுமே குறைந்த விலையில் நின்றிருக்கும். ஒரே மீற்றரில் சேர்ந்ததால் நூறுக்குக் கிட்டப் போய்விட்டது.

வீட்டுக்காரர் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த பழைய பில்களை எடுத்து வந்தார். ஆசிரியை ஆறு மாதச் சராசரி பார்த்தார். அந்தத் தொகையை மட்டும் வீட்டுக்காரர் கட்டுவது, அதற்கு மேல் வருவது முழுவதும் தன்னுடையது என்றார். தனக்கு அது நட்டம் என்று தெரிந்துதான் சொன்னார். தன் வரவால் அவர்களுக்கு ஒரு சதமும் கூடக் கூடாது என்பது அவருடைய எண்ணம். புது இணைப்புக்கு விண்ணப்பிப்பது பற்றியும் பேசினோம். மகளுக்குக் கலியாணம் ஆகும்போது அவள் பெயரில் எடுப்போம் என்று வீட்டுக்காரர் தள்ளிப் போட்டார். அந்த ஒரு வார்த்தையில் இருந்த செய்தியை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மாரி

மார்கழியில் மழை பிடித்தது. எங்கள் பக்கம் வெள்ளம் எங்கள் மழையால் மட்டும் வருவது அல்ல. வெருகல் ஆறு மகாவலியின் கிளை. மலைநாட்டில் பெய்தால், இங்கே வெயில் எறித்தாலும் ஆறு ஏறும். அந்த முறை இரண்டும் சேர்ந்து வந்தது. ஒரு பின்னேரம் வளவின் பின்வேலி வழியாக மெதுவாக ஏறிய தண்ணீர், விடியப்புறம் மண்டபத்துக்குள் வந்து நின்றது. எந்த உயரத்தில்? சுவரில் பூச்சு நிறம் மாறிய அதே உயரத்தில். ஆசிரியை போன் எடுத்து என்னிடம் முதலில் சொன்னது அதைத்தான்: "சேர், அந்த வெள்ளைக் கோடு இப்ப தண்ணிக்குள்ள."

மகனை முன் வீட்டுக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு போனார். முன் வீடு பழையதானாலும் திட்டில் கட்டியது. தகப்பன் காலத்தவர்களுக்கு ஆறு தெரியும். இரண்டு இரவு எல்லோரும் அங்கே படுத்தார்கள். புத்தகப் பெட்டி ஒன்றும் மெத்தையும் போனது. அதைவிட மோசம், மலசலகூடக் குழி நிரம்பி மேலே தள்ளியது. தண்ணீர் வடிந்த பிறகும் பாவிக்க முடியவில்லை. கிணற்றையும் இறைத்துக் குளோரின் போடும் வரைக்கும் அந்த நல்ல தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது.

வெள்ளம் வரும் என்று முன்னரே ஏன் சொல்லவில்லை என்று ஆசிரியை கோபப்படவில்லை. நான் கேட்டேன். வீட்டுக்காரர் சொன்னது: "எல்லா வருசமும் வாறதில்ல சேர். வந்தா முன் வீட்டுக்கு வருவினம்தானேண்டு நினைச்சன்." அவருக்கு அது மறைக்கும் விசயமாகப் படவில்லை. மாரியில் இரண்டு நாள் தண்ணீர் என்பது அவர் பிறந்த நாளில் இருந்து பார்க்கும் ஒன்று. நகரத்தில் இருந்து வருபவருக்கு அது எப்படி இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மலசலகூடத்தை இரண்டடி உயர்த்தி, புதுக் குழிக்கு வளையம் இறக்க மேசன் 38,000 கேட்டார். அறுவடைக்கு முன் வீட்டுக்காரர் கையில் காசு இல்லை. ஆசிரியை கொடுத்தார். யார் கணக்கில் என்று எழுதவில்லை. அந்த நேரம் எழுதச் சொல்லி நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு இரவு ஒன்றாகப் படுத்து எழும்பியவர்களிடம் கொப்பியை நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது.

தையில் வந்த மௌனம்

பொங்கலுக்குப் பிறகு வீட்டுக்காரரின் போக்கு மாறியது. ஒரு நாள் மேசனோடு வந்து புது வீட்டின் வெளிச்சுவரை அளந்தார். இன்னொரு நாள் பெயின்ற் கடைக்காரர் வந்தார். கேட்டால், "சும்மா" என்றார். வீட்டுக்கார அம்மா கிணற்றடியில் கதைப்பதைச் சுருக்கிக்கொண்டார். மூன்று கிழமை இப்படிப் போனது. இளைய மகளுக்குச் சம்பந்தம் பொருந்திவிட்டது, ஆனியில் கலியாணம் என்று ஆசிரியைக்குப் பாடசாலையில் ஒரு பிள்ளையின் தாய் மூலமாகத்தான் தெரிய வந்தது.

அவர் அழுதுவிட்டார். வீடு போவதற்காக அல்ல. "நான் அவவின்ட விளக்கில திரி பத்தவைச்சு வந்தவள். எனக்கு நேர சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். மறுபக்கம், வீட்டுக்காரர் என்னிடம் சொன்னது இது: ரீச்சரின் 38,000 தன்னிடம் நிற்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்காமல் எந்த முகத்தோடு எழும்பச் சொல்வது? காசு கையில் வரட்டும், அறுவடை முடியட்டும் என்று காத்திருந்தாராம். ஒருவர் மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை. மற்றவர் அதையே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார். எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி மூன்று கிழமையாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது.

மாசி முதல் ஞாயிறு முன் வீட்டு விறாந்தையில் எல்லோரும் இருந்தோம். கிராம உத்தியோகத்தர், கோயில் பரிபாலன சபையில் இருக்கும் பெரியவர் ஒருவர், நான், இரண்டு குடும்பம். பெரியவர் நேரே கணக்குக்கு வந்தார். மலசலகூடம் வளவோடு நிற்கப் போவது, ஆகவே செலவு வளவுக்காரருடையது. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாத வாடகை 22,500 அதில் கழியட்டும். மிகுதி 15,500ஐ நெல் விற்றதும் கொடுப்பது. மே கடைசியில் ஆசிரியை எழும்புவது. ஒரு மாத அவகாசம் என்று தாளில் இருந்தாலும் நாலு மாதம் கிடைத்தது. இரண்டு பக்கமும் உடனே சம்மதித்தது. வீட்டுக்கார அம்மா எழும்பி உள்ளே போய்த் தேத்தண்ணியோடு வந்தார். மூன்று கிழமைக்குப் பிறகு ஆசிரியையின் தாயாரின் பக்கத்தில் அமர்ந்தார்.

பின்னர் நடந்தவை

பெரும்போக அறுவடை முடிந்து மார்ச் நடுப்பகுதியில் 15,500 வந்து சேர்ந்தது. கொப்பியில் எழுதிக் கையெழுத்தானது. அடுத்த வீட்டை நாங்கள் தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரரே தன் தங்கச்சியின் வீட்டைப் பேசிக் கொடுத்தார். இரண்டு ஒழுங்கை தள்ளி, மேட்டுக் காணி. தங்கச்சியின் மகளுக்கு அப்போது பதினாலு வயது. அந்த வயதை வீட்டுக்காரர்தான் எடுத்துச் சொன்னார்: "இன்னும் பத்து வருசத்துக்கு ஒருத்தரும் கேக்க மாட்டினம் ரீச்சர்."

மே கடைசிச் சனிக்கிழமை சாமான் மாற்றியது வீட்டுக்காரரின் உழவு இயந்திரப் பெட்டியில். திறப்பை ஆசிரியை தகப்பனிடம் கொடுக்கவில்லை. லீவில் வந்திருந்த மகளின் கையில் கொடுத்தார். ஆனியில் கலியாணம் நடந்தது. ஆசிரியையின் மாற்ற விண்ணப்பம் அதிபரின் மேசையில் இருந்தது. தையில் எழுதியது. சித்திரையில் அவரே வந்து திருப்பி எடுத்துக்கொண்டார்.

இன்னொரு தரம் என்றால்

வீடு யாருக்கு வைத்தது, அவருக்கு என்ன வயது, எப்போது தேவைப்படும் என்ற கேள்வியை வாடகைக்கு முதல் கேட்பேன். நகரத்தில் இது அந்தரங்கத்தில் தலையிடுவது போல இருக்கும். எங்கள் ஊரில் "மகளுக்கு ஏதும் பொருந்தி வருதோ?" என்று கேட்பது அக்கறை. கேட்காமல் விட்டதுதான் கரவாகப் பட்டிருக்கும். பேமிற் காணி என்றால் பேமிற் யார் பெயரில், பின்னுரித்து யாருக்கு என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

வெள்ளத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் "தண்ணி வருமோ?" என்று கேட்கக் கூடாது. "இல்லை, பெரிசா இல்லை" என்றுதான் பதில் வரும். எது பெரிசு என்பதில் ஆளுக்காள் வித்தியாசம். "போன மாரியில எது மட்டும் வந்தது, கையால காட்டுங்க" என்று கேட்டால் முழங்காலையோ கரண்டையையோ தொட்டுக் காட்டுவார்கள். அயல் வீட்டுச் சின்னப் பிள்ளைகளிடம் கேட்டால் இன்னும் சரியாகச் சொல்லும், அவர்களுக்கு வெள்ளம் விளையாட்டு. ஆவணியில் பார்க்கும் வீட்டுக்கு மார்கழி எப்படி என்பதற்குச் சுவரே சாட்சி. நிறம் மாறிய பூச்சு, கதவு நிலையின் அடிப்பக்கம் உக்கிய மரம், அலுமாரிக்குக் கீழே வைத்த கல். அந்த வீட்டில் மூன்றும் இருந்தன.

ஆறு மாத முற்பணம் கொடுக்க விட்டிருக்க மாட்டேன். இரண்டு மாதம் போதும். கிராமத்தில் முற்பணம் பெட்டியில் இருக்காது, சீமெந்தாகிவிடும். பிறகு திருப்பிக் கேட்பதும் கொடுப்பதும் இரண்டு பேருக்கும் சங்கடம். விலகும் அவகாசத்தை மாதத்தில் எழுதாமல், பாடசாலைத் தவணை முடியும் வரை என்று எழுதுவேன். பிள்ளையோடு வரும் ஆசிரியைக்கு அதுதான் பொருந்தும். மின்சாரத்துக்கு, குடிவரும் நாளே பழைய பில்களை எடுத்து வைத்துப் பேசிவிட வேண்டும். வளவில் குடியிருப்பவர் செய்யும் எந்தச் செலவையும், பத்து ரூபாய் ஆணி என்றாலும், யாருடைய கணக்கு என்று அன்றைக்கே கொப்பியில் எழுத வேண்டும். எனக்கு வந்த கூச்சம் அடுத்தவருக்கும் வரும். அதனால்தான் முதல் நாளே கொப்பியில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவது நல்லது.

பால் காய்ச்சும் விசயத்தில் மட்டும் ஒன்றும் மாற்ற மாட்டேன்.

புது வீட்டுச் சுவரில் எந்தக் கோடும் இல்லை. கதவு நிலைகளையும் பார்த்தோம், அயல் பிள்ளைகளையும் கேட்டோம். அங்கே கிணறுதான் சவர். குளிக்க, உடுப்புத் தோய்க்க ஆகும், குடிக்க ஆகாது. பின்னேரம் பாடசாலை விட்டு வந்ததும் ஆசிரியையின் மகன் சைக்கிளில் இரண்டு கானைக் கொழுவிக்கொண்டு பழைய வளவுக்குப் போகிறான். படலையைத் திறந்துவிட்டு, கப்பியில் வாளியை இறக்கி அவனுக்கு நிரப்பிக் கொடுப்பது இப்போது அந்தப் புதுப் பெண்.